மீசையில் மாவு

சங்ககிரி
9 நவம்பர் 2025

சுகன்யாவுக்கு,

நலம்தானா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் நீ நலமாகத்தான் இருப்பாய். அம்மா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கு என்ன குறை? நலமில்லாதவன் இங்கே இருக்கிறேன்.

தீபாவளிக்கு மறுவாரம் நிலாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள், இன்று வரை என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். சங்ககிரிக்கும் பனமரத்துப்பட்டிக்கும் நடுவில் சேலம் ஒன்றுதான் இருக்கிறது. இந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுதுகிறவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபாலாபீஸில் கவர் கேட்டதற்கு, "கோர்ட்டு விசயமுங்களா?" என்று விசாரித்தார்கள்.

திரும்பவும் சொல்கிறேன். நான் மாஸ்க் போடுகிறேன். மில் வாசலில் நுழையும்போது போட்டால் டீக்குத்தான் கழற்றுகிறேன். நீ சேலத்தில் கடை கடையாக ஏறி வாங்கிக் கொடுத்தாயே, இரண்டு பக்கமும் டப்பா வைத்த அந்த ரப்பர் மாஸ்க், அதையேதான். நிலா தலைமேல் சத்தியம் செய்யச் சொன்னபோது நான் செய்யாததற்குக் காரணம் பொய் இல்லை. பிள்ளை தலைமேல் சத்தியம் செய்யக்கூடாது என்று நீதான் ஒருமுறை என்னைத் திட்டினாய்.

நிலாவுக்கு ஸ்கூல் போகிறது. எனக்குச் சோறு குழைகிறது. போதாததற்கு நீ பழனிக்கு வேண்டிவிட்ட தாடி வேறு கழுத்து வரைக்கும் அரிக்கிறது. கோபம் தீர்ந்திருந்தால் வந்து சேர்.

மணிமாறன்


பனமரத்துப்பட்டி
13 நவம்பர் 2025

நிலாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லதாகப் போயிற்று. போனில் நீங்கள் இருமுவீர்கள். அதைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்க முடியாது. அதனால்தான் பிளாக் பண்ணினேன். காகிதத்தில் இருமல் கேட்காது.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. மாஸ்க் போட்டவர் மீசையில் மாவு எப்படி வந்தது?

நெற்றியில் மாவு இருக்கலாம், காதில் இருக்கலாம். வெள்ளை வெங்கச்சங்கல் பாறையை மாவாய் அரைத்து மூட்டை பிடிக்கிற மில்லில் எங்கேதான் மாவு இல்லை? ஆனால் மாஸ்க்குக்குள்ளே இருக்க வேண்டிய மீசையில், நான் பஸ் ஏறியதற்கு முந்தின இரவு நீங்கள் வீட்டுக்குள் வந்தபோது, பால்கோவா சாப்பிட்டு வாய் துடைக்காத பிள்ளை மாதிரி வெள்ளை அப்பியிருந்தது. துண்டில் மூக்கைச் சிந்தினீர்கள், அதுவும் வெள்ளை. "போட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் எனக்குப் பொறுக்காது. வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் அழுததற்கு, தை பிறந்ததும் லாரி ஆபீஸில் இடம் கேட்கிறேன், அதுவரை மாஸ்க்கோடு ஓட்டுகிறேன் என்று நீங்களாகத்தான் வாக்குக் கொடுத்தீர்கள்.

செங்கோடன் அண்ணனும் இப்படித்தான், வாயைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்களோடு அதே மிஷினில் நின்றவர். கடைசியில் படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். உட்கார்ந்தபடியே போனார். அவர் சம்சாரம் சின்னாயி அக்கா என்னிடம் சொன்னது இது: "ஊட்டுக்காரரு வாயால சொல்றத நம்பாத கண்ணு, அவரு துண்டப் பாரு." நான் துண்டைப் பார்த்தேன்.

சேலத்து டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துச் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். உள்ளே போய்த் தங்கியதை இனி வெளியே எடுக்க முடியாது, மேற்கொண்டு போகாமல் பார்ப்பதுதான் வைத்தியம் என்றார். உங்களுக்கு அது மறந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சோறு குழைகிறது என்றால் தண்ணீரைக் குறையுங்கள்.

சுகன்யா


சங்ககிரி
17 நவம்பர் 2025

சுகன்யாவுக்கு,

தண்ணீரைக் குறைத்தேன். அடிப்பிடித்தது.

இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். பிரிண்ட் போடும் கடையில் நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். "பாஸ்போர்ட்டுக்குங்களா? மூஞ்சி தெரியோணும்ங்களே" என்றான் கடைக்காரன். எந்த அலுவலகத்துக்கும் இல்லை, என் வீட்டுக்காரிக்கு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அரவை மிஷின் பக்கத்தில் மாஸ்க்கோடு நான் நிற்பது தெரிகிறதா? எடுத்தவர் மேனேஜர் பிரபா. அவரைக் கேட்டுப் பார்.

மில்லில் என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்பு. "ஏனுங் மணி, ஏரோப்ளேன் ஓட்டப் போறீங்களா?" என்கிறார்கள். வாய்விட்டுப் பேச முடியாது, எச்சில் துப்ப முடியாது. வெயில் நேரத்தில் உள்ளே வியர்வை தேங்கி மோவாயில் சொட்டுகிறது. அத்தனையும் பொறுத்துக்கொண்டு போடுகிறவனைப் பொய்யன் என்கிறாய்.

மாவு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. தூசி உறிஞ்சுகிற மோட்டார் ஆடி மாதமே எரிந்துபோனது. முதலாளி நவநீதகிருஷ்ணன் இன்றைக்கு மாட்டுகிறேன், நாளைக்கு மாட்டுகிறேன் என்று ஓட்டுகிறார். கட்டடம் முழுக்கப் பனி மூட்டம் மாதிரி நிற்கிறது. அதைக் கேட்க உனக்கு நாக்கு வரவில்லை, கேள்வி எல்லாம் என் மீசையிடம்தான்.

செங்கோடனை என்னோடு சேர்க்காதே. அவர் வாயில் துண்டைக் கட்டினார். நான் அப்படியா?

புரட்டாசியிலிருந்து கறியும் இல்லை, முட்டையும் இல்லை, நாமக்கல்லுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு. உன் வேண்டுதலுக்காகத்தான். அதையாவது நம்புகிறாயா?

மணிமாறன்


பனமரத்துப்பட்டி
24 நவம்பர் 2025

நிலாவின் அப்பாவுக்கு,

போட்டோவைப் பார்த்ததும் நிலா "பூச்சாண்டி" என்று ஓடினாள். பிறகு தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

போட்டோவை நான் நம்பவில்லை. போட்டோவுக்கு யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் ஒரு வேலை செய்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தம்பி சித்தார்த்தை அனுப்பி வேவு பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சங்ககிரிக்கு லோடு இறக்க வந்தவன், உங்கள் மில்லுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான். ஷட்டர் திறந்திருந்ததாம். நீங்கள் தெரிந்தீர்களாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, மாமா போட்டுட்டுத்தான் இருந்தாரு. நான் டீ குடிச்சு, பஜ்ஜி தின்னு, இன்னொரு டீயும் குடிச்சேன். ஒருக்காக்கூட கழட்டலை. நீதான் தப்பு."

ஆக, நீங்கள் பொய் சொல்லவில்லை. எழுதிவிட்டேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள்.

ஆனால் இதில் எனக்கு நிம்மதி வரவில்லை. போடாமல் மாவு வந்திருந்தால் போட வைத்துவிடலாம். போட்டும் வருகிறது என்றால் என்ன செய்வது? மாஸ்க் போலியா? கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா? அதைக் கையில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் யாரிடமாவது காட்டுங்கள். தெரியும்வரை நான் வரமாட்டேன். வந்தால் தினமும் அந்தத் துண்டைப் பார்க்க வேண்டும். என்னால் முடியாது.

சுகன்யா


சங்ககிரி
2 டிசம்பர் 2025

சுகன்யாவுக்கு,

வேவு பார்த்ததற்கு உன்னை என்ன செய்தாலும் தகும். டீக்கடையில் ஒரு பஜ்ஜிக்குக்கூட என்னைக் கூப்பிடாத உன் தம்பியை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கிறேன்.

விஷயம் தெரிந்துவிட்டது. உட்கார்ந்து படி.

நம்மிடம் மாவு வாங்குகிற டைல்ஸ் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அனிதா என்று ஒரு பெண். வாயில் துண்டு கட்டியிருந்தவர்களுக்கெல்லாம் புது மாஸ்க் கொடுத்து, எல்லோருடையதையும் சோதிக்க வேண்டும் என்றார். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் பெரிய பிளாஸ்டிக் பை மாதிரி ஒன்றைக் கவிழ்க்கிறார்கள். அதில் ஒரு ஓட்டை. அது வழியாக இனிப்புத் தண்ணீரைப் புகையாக அடிக்கிறார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல் அடித்து, இனிக்கிறதா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் இனித்தது. பிறகு மாஸ்க்கோடு அடித்தார்கள். தலையை ஆட்டச் சொல்கிறார்கள், குனியச் சொல்கிறார்கள், ஒன்று இரண்டு எண்ணச் சொல்கிறார்கள். மாஸ்க் சரியாக ஒட்டியிருந்தால் நாக்கில் ஒன்றும் தெரியக்கூடாது. இனித்தால், அந்தப் புகை வருகிற வழியில் மாவும் வரும் என்று அர்த்தம்.

மற்றவர்களுக்கு இனிக்கவில்லை. எனக்கு இனித்தது. அடித்த அடுத்த நிமிஷமே கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி இனித்தது.

மாஸ்க் போலியா என்று கேட்டேன். "மாஸ்க் நல்ல மாஸ்க்குங்கண்ணா. தாடிதான் பிரச்சனை. ரப்பர் தோல்ல ஒட்டோணும். உங்களுக்கு முடி மேல உக்காந்திருக்குது. சுத்தியும் சந்து. நீங்க இழுக்கற மூச்சு பில்டர் வழியா வரலை, தாடி வழியாத்தான் வருது" என்றார் அனிதா.

அதாவது, நீ என் நெஞ்சு குணமாக வேண்டும் என்று வேண்டிவிட்ட தாடி, நீ என் நெஞ்சுக்காக வாங்கிக் கொடுத்த மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே மாவை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. புரட்டாசியிலிருந்து. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வருகிறது. இருமலைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது.

முதலாளிக்கும் கிடைத்தது. மோட்டாரை மாட்டுவதுதான் முதல் வேலை, மாஸ்க் அதற்கு அப்புறம்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாதக் கடைசியில் திரும்ப வந்து சோதிப்பார்களாம். அதற்குள் மழித்துவிட்டு வா, இல்லையென்றால் மிஷின் பக்கம் நிற்காதே என்கிறார் பிரபா. மிஷின் பக்கம் நிற்காத வேலை என்று அந்த மில்லில் ஒன்றும் இல்லை.

நான் மழிக்கமாட்டேன். என் மூச்சுக்கென்று முருகனிடம் சொன்ன வாக்கு. தைப்பூசத்துக்கு நடந்து வந்து மலையில் முடி இறக்கும்வரை கத்தி படாது என்று சொன்னது உன் வாய். பாதியில் வழித்துப் போட்டுவிட்டு, அப்புறம் ஏதாவது ஆனால்? நீ வேண்டினாய், நீயே வழி சொல்.

மணிமாறன்


பனமரத்துப்பட்டி
6 டிசம்பர் 2025

நிலாவின் அப்பாவுக்கு,

படித்துவிட்டு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இத்தனை நாளும் நான் உங்களைத் திட்டியது, கோபித்துக்கொண்டு வந்தது, வேவு பார்த்தது எல்லாம் எதற்கு? என் வாயில் வந்த வேண்டுதலுக்கு. நேர்கிறவள் அலகு குத்துகிறேன், பால்குடம் எடுக்கிறேன் என்று எதையாவது நேர்ந்திருக்கக்கூடாதா? தாடியா கிடைத்தது எனக்கு?

உடனே மழியுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்னே சலூனுக்குப் போங்கள். பாவம் வந்தால் என் தலையில் வரட்டும். சாமி என்ன, மூச்சு முட்டிச் சாகச் சொல்லியா தாடி கேட்டார்?

(மறுநாள் எழுதுகிறேன்.)

வேண்டாம். மழிக்காதீர்கள். மேலே எழுதியதை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். கை வேலையைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "உசுருக்குன்னு நேந்தத உசுரு இருக்கறப்பவே மீறுவாங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் சொன்னாள். ராத்திரி முழுக்க அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குத் தைரியம் போய்விட்டது.

தைப்பூசம் வரை லீவு போட்டுவிட்டு இங்கே வாருங்கள். பால் காய்ச்சிக் குடித்துக்கொண்டு சும்மா இருங்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் வேறென்ன செய்வது? எனக்கு உங்கள் மூச்சும் வேண்டும், முருகனும் கோபிக்கக்கூடாது.

சுகன்யா


சங்ககிரி
12 டிசம்பர் 2025

சுகன்யாவுக்கு,

ஒரே கடிதத்தில் மழி என்கிறாய், மழிக்காதே என்கிறாய். சலூன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் முதல் பாதியைப் படித்தேன். அவன் சோப்பு நுரை தடவிவிட்டான். அப்போது பக்கத்தைத் திருப்பினேன். எழுந்து நுரையோடு தெருவில் நடந்து வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நீயே யோசித்துக்கொள்.

லீவு கிடையாது. கேட்டேன். "பூசம் வரைக்கும் லீவா? அப்ப பூசத்துக்கப்புறமும் லீவுதானுங்க" என்றார் முதலாளி. லாரி ஆபீஸில் தை பிறக்கட்டும் என்கிறார்கள். வேலையும் இல்லாமல் அத்தை வீட்டுச் சோற்றில் உட்கார என்னால் முடியாது, நீ என்ன சொன்னாலும் சரி.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாகக் கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். முந்தாநாள் வீட்டு மாடிக்குத் துணி காயப்போட ஏறினேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வாளியை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். செங்கோடன் முதலில் மாடி ஏறுவதைத்தான் விட்டார். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சுகன்யா. மழித்தாலும் பயம், மழிக்காவிட்டாலும் பயம். தினமும் மாஸ்க்கை மாட்டும்போது, இது எனக்கு உதவாது என்று தெரிந்தே மாட்டுகிறேன். சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் இதை யாரிடம் சொல்வது?

மணிமாறன்


பனமரத்துப்பட்டி
20 டிசம்பர் 2025

மாமா,

நேற்று பழனிக்குப் போய்விட்டு வந்தேன். சித்தார்த் கூட வந்தான். பஸ் ஏறும்வரை எதற்குப் போகிறோம் என்று அவனுக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் அந்த மாடிப்படியைப் படித்த பிறகு நான் யாரையும் கேட்கிற நிலையில் இல்லை.

முடி இறக்கும் இடத்தில் வரிசையில் உட்கார்ந்தேன். மழிக்கிற அம்மா என் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பூமுடிதானே சாமி? மூணு வெட்டு வெட்டி விட்டர்றேன்" என்றார். மொட்டை என்றேன். "ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "அவருக்காகத்தானுங்க" என்றேன். தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். முதல் கத்தி இழுத்தபோது அழுதுவிட்டேன். முடிக்காக இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முடிக்காகவும்தான்.

பிறகு மலை ஏறி நின்று, சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வேண்டுனது நானு. அவரு வாயத் தொறக்கலை. எந்தலைய வெச்சு வேண்டாம, அவரு மூஞ்சிய வெச்சு வேண்டுனது என் தப்பு. முடிதான கேட்ட? இந்தா, மூஞ்சில இருக்கறதுக்குப் பதிலா இடுப்பு வரைக்கும் இருந்தது. எடுத்துக்கிட்ட. இனி அந்தத் தாடில உனக்குப் பாத்தியதை இல்லை. அவரு நெஞ்சப் பாத்துக்க." முருகன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ச் சந்தனம் உரசிக் கொண்டுவந்து என் தலையில் பூசினாள். "இது செல்லும்" என்றாள். நிலா என்னைப் பார்த்து அலறினாள். இப்போது மடியில் உட்கார்ந்து என் மொட்டையில் தாளம் போடுகிறாள். சீயக்காய்ச் செலவு மிச்சம் என்கிறான் சித்தார்த். அவன் என்னிடம் அடி வாங்கிவிட்டான்.

இதோடு விபூதிப் பொட்டலம் இருக்கிறது. நெஞ்சில் பூசிக்கொள்ளுங்கள். பிறகு சலூனுக்குப் போய் மீசை உட்பட முழுக்க வழித்துவிடுங்கள். வழவழவென்று, நம் கல்யாணத்தன்று இருந்த மாதிரி. தினமும் காலையில் வழிக்க வேண்டும், ஒருநாள் முள் நின்றாலும் சந்துதான். பூசத்துக்கு நடந்து போவதை வெறும் முகத்தோடு போய்க்கொள்ளலாம். சாமிக்கு முகம் அடையாளம் தெரியும்.

அந்தப் பெண் மாதக் கடைசியில் வருவதாகத்தானே எழுதியிருந்தீர்கள்? நாற்காலியில் உட்காருங்கள். மறைக்காமல் எழுதுங்கள். இனித்தால் அன்றைக்கே மில்லை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், முதலாளி என்ன சொன்னாலும் சரி, லாரி ஆபீஸ் என்ன சொன்னாலும் சரி. அம்மா வீட்டுச் சோறு அவ்வளவு கசக்காது. இனிக்காவிட்டால் நான் வாரேன்.

உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதீர்கள். இதை மட்டும் எழுதித்தான் சொல்ல வேண்டும். எழுத்தில் நீங்கள் இதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

சுகன்யா


சங்ககிரி
30 டிசம்பர் 2025

சுகன்யாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் எங்கேயும் போகவில்லை. இடுப்பு வரைக்கும் இருந்ததே என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டேன். அதனால்தான் நீ கேட்கவில்லை.

வழித்துவிட்டேன். கண்ணாடியில் யாரோ ஒருவன் பார்க்கிறான். நுரையோடு எழுந்து போனவன் திரும்ப வந்ததில் சலூன்காரனுக்குப் பெரிய சந்தோஷம். "இப்பவாச்சும் கடுதாசிய முழுசாப் படிச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியையே எடுத்தான்.

மோட்டார் இன்னும் மாட்டவில்லை. அனிதா முதலாளியை வாங்கு வாங்கென்று வாங்கினார். பொங்கலுக்குள் மாட்டாவிட்டால் மாவு எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் நீயும் ஒருமுறை மில் வாசலுக்கு வந்து உன் பங்குக்குக் கேள். உன் வாய்க்குப் பழனியே பதில் சொல்லவில்லை, இவர் எம்மாத்திரம்?

இன்று மதியம் என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல் அடித்தார்கள், இனித்தது. துடைத்துவிட்டு மாஸ்க்கைப் போட்டேன். ரப்பர் கன்னத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. பையைக் கவிழ்த்துப் புகை அடித்தார்கள். தலையை ஆட்டினேன். குனிந்தேன். எண்ணச் சொன்னார்கள், நான் நிலா பேரையும் உன் பேரையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். இனிக்கிறதா என்று கேட்டார்கள். நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன். அந்தப் பெண் விடாமல் திரும்பவும் அடித்தார், திரும்பவும் கேட்டார்.

துளிக்கூட இனிக்கவில்லை, சுகன்யா. வந்துவிடு.

மணிமாறன்